தறி ஒருத்தர் பேர்ல, வேலை வீடு முழுக்க: காலடிப்பேட்டை பற்றி ஒரு குறிப்பு

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் 2021 பிப்ரவரியில் மெட்ரோ ஓட ஆரம்பிச்சது. தண்டையார்பேட்டை, டோல்கேட் எல்லாம் தாண்டி, திருவொற்றியூர் தேரடிக்கு முன்னாடி வரும் நிறுத்தம் காலடிப்பேட்டை. பேரைக் கேட்டதும் ஆதிசங்கரர் பிறந்த காலடியோட ஏதாவது தொடர்பு இருக்குமோன்னு தோணும். கிடையாது. அது ஒரு வெள்ளைக்காரர் பேர். ஜோசப் காலட், 1717 முதல் 1720 வரைக்கும் மெட்ராஸில் கம்பெனி கவர்னரா இருந்தவர். அவர் உண்டாக்கின பேட்டை காலட் பேட்டை. ஜனங்க வாயில் புரண்டு புரண்டு காலடிப்பேட்டை ஆயிடுச்சு.

அங்கே இருக்கும் கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. காலட்கிட்ட வேலை பார்த்த வீரராகவன் என்பவர் தினமும் காஞ்சிபுரம் போய் வரதராஜரை சேவித்துவிட்டுத்தான் வேலைக்கு வருவாராம். ஒருநாள் காலட் அவரைச் சோதிக்க, "இப்போ காஞ்சியில என்ன நடக்குது?" என்று கேட்டாராம். "தேர் நிலைக்குப் போகாம நடுத்தெருவுல மாட்டிக்கிட்டு நிக்குது" என்றாராம் வீரராகவன். விசாரித்துப் பார்த்தால் அது நிஜம். அதனால்தான் காலட் இங்கேயே கோயில் கட்டிக் கொடுத்தார் என்பது ஐதீகம்.

கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பேட்டை கோயிலுக்காக உருவானது இல்லை, துணிக்காக உருவானது. துணி நெய்யும் வீட்டில் சமையல், குழந்தை, தறி மூணும் எப்படி ஒண்ணா ஓடுச்சு, அதில் யாரோட வேலை கணக்கில் ஏறுச்சு, யாரோடது ஏறலை என்பதுதான் இந்தக் குறிப்பு.

104 வீடு, 489 பேர்

1639இல் பிரான்சிஸ் டே இந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொன்ன முக்கியமான காரணம், இங்கே துணி நல்லா இருக்கு, மற்ற இடங்களைவிட நூற்றுக்கு இருபது அளவுக்கு விலை குறைச்சல் என்பது. கோட்டை எழும்பின வேகத்திலேயே நெசவாளர் குடும்பங்கள் வந்து குடியேற ஆரம்பிச்சாங்க. சாப்பிடுகிற, குடிக்கிற, உடுத்துகிற சாமான்களுக்கு 30 வருஷம் சுங்கம் கிடையாது என்று கம்பெனி ஆசை காட்டியிருந்தது.

1708இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தாங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் என்று ஐந்து கிராமங்கள் நவாப் தாவூத் கானிடமிருந்து கம்பெனி கைக்கு வந்தது. இன்னிக்கு நாம வடசென்னை என்று சொல்லும் பகுதியில் கம்பெனி நல்லா காலூன்றினது அப்போதான். சில வருஷத்தில் காலட் அங்கே நெசவாளர் பேட்டையைத் தொடங்கினார். தூரத்து ஊர் நெசவாளர்களுக்கு வியாபாரிகள் மூலமா முன்பணம் கொடுத்துவிட்டு, துணி வருமா வராதா என்று காத்திருப்பது கம்பெனிக்குப் பெரிய தலைவலி. போர், பஞ்சம், போட்டிக்கு வேற ஐரோப்பியக் கம்பெனிகள். நெசவாளர் கண்ணெதிரிலேயே குடியிருந்தால் அந்தத் தொல்லை குறையும்.

1719இல் காலட் கொடுத்த கணக்கு இது: 104 வீடு, 10 கடை, ஒரு கோயில், மொத்தம் 489 பேர்.

489ஐ 104ஆல் வகுத்துப் பாருங்க. வீட்டுக்கு 4.7 பேர். அதாவது கம்பெனி கூட்டிவந்தது 104 நெசவாளர்களை மட்டும் இல்லை. ஒவ்வொருத்தரோடவும் வேலை செய்ய இன்னும் மூணு நாலு ஜோடிக் கைகள் கூடவே வந்தன. கூலிப் பேச்சு, முன்பணம், பற்று வரவு எல்லாம் ஒருத்தர் பேரில். வேலை எல்லார் கையிலும்.

இதே 1719இல் லண்டனில் நடந்ததையும் பக்கத்தில் வச்சுப் பார்க்கணும். இந்தியத் துணி வந்து எங்க பிழைப்பைக் கெடுக்குது என்று ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் இறங்கினாங்க. காலிகோ உடுத்தி நடந்த பெண்களைத் துரத்தி, மேலிருந்த உடையைக் கிழிச்சாங்க. 1721இல் பார்லிமென்ட் அச்சடித்த காலிகோ உடுத்தவே தடை போட்டது. ஒரு பக்கம் துணியைத் தயாரிக்கும் வீட்டில் எண்ணப்படாத பெண்கள், இன்னொரு பக்கம் அதை உடுத்தினதற்காகத் தெருவில் அடிபட்ட பெண்கள்.

காலட்டே குடும்பத்தைப் பிரிந்து வந்தவர்தான். இங்கிலாந்தில் கடனில் மூழ்கி, மகள்களை அங்கேயே விட்டுவிட்டு, சம்பாதிக்கக் கப்பலேறினவர். 1716இல் ஒரு சீனக் கலைஞர் செய்த அவரோட சின்னக் களிமண் உருவம் இன்னிக்கும் லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் இருக்கு. மகளுக்காக அனுப்பி வச்சது. குடும்பத்தையும் பிழைப்பையும் ஒரே கூரைக்குக் கீழே வைக்க முடியாத ஒருத்தர், அது ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால்தான் நடக்கும் ஒரு தொழிலுக்கு ஊர் கட்டினார்.

ஒரு தறிக்குப் பின்னால்

நெசவு என்றால் நம்ம கண்ணுக்கு வருவது குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்து நாடாவை ஓட்டுபவர். ஆனா அந்த நாடா ஓடுவதற்கு முன்னால் நடக்கும் வேலைதான் ஜாஸ்தி.

சிட்டமா வரும் நூலைப் பிரிக்கணும். ராட்டையில் சுத்தணும். பாவு ஓடணும். ஊடைக்குத் தார் சுத்தணும். நெய்பவர் கை நிற்காமல் இருக்கணும்னா தார்க்குச்சிகள் நிரம்பிக்கிட்டே இருக்கணும். பழைய பாவு முடிஞ்சதும் புதுப் பாவோட ஒவ்வொரு இழையையும் பழைய இழையோட பிணைக்கணும். நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான இழைகள்.

இதில் தார் சுத்துவது பெண்கள், வயசானவங்க, பிள்ளைங்க வேலை. உலை வச்சுட்டு நாலு தார், பிள்ளையைத் தூங்கவச்சுட்டு நாலு தார். எந்த இடத்திலும் நிறுத்தலாம், எந்த இடத்திலிருந்தும் தொடரலாம். ராட்டை கோவிச்சுக்காது.

1970இல் ஜூடித் பிரவுன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ஒரு சமூகத்தில் எந்த வேலை பெண்கள் கைக்குப் போகும் என்பதைத் தீர்மானிப்பது பலமோ திறமையோ இல்லை, குழந்தை வளர்ப்போடு அது ஒத்துப்போகுமா என்பதுதான் என்றார். வீட்டுப் பக்கத்திலேயே செய்யணும், பிள்ளைக்கு ஆபத்து இருக்கக்கூடாது, நடுவில் விட்டுட்டுப் போய் மறுபடி தொடர முடியணும். இதை வச்சுத்தான் எலிசபெத் பார்பர் 1994இல், இருபதாயிரம் வருஷமா நூலும் துணியும் ஏன் பெண்கள் கையில் இருந்தது என்று ஒரு புத்தகமே எழுதினார்.

தார் சுத்துவதற்கு இந்த விளக்கம் அப்படியே பொருந்துது. ஆனா பாவுக்குக் கஞ்சி போடுவதற்குப் பொருந்தாது. பாவைத் தெரு நீளத்துக்கு நீட்டி, கஞ்சி தடவி, இழை ஒட்டாமல் நீவி, வெயில் உறைக்கிறதுக்குள்ள முடிச்சாகணும். வீடே இறங்கும், பக்கத்து வீட்டுக்காரங்களும் கை கொடுப்பாங்க. நடுவில் பிள்ளை அழுதால் பாவு காத்திருக்காது, பிள்ளைதான் காத்திருக்கணும். இதிலும் பெண்கள் இருந்தாங்க. அப்படின்னா குடும்பத்துக்கு ஏத்தபடி வேலை வளைஞ்சு கொடுத்தது என்பது பாதிதான். மீதிப் பாதி, வேலைக்கு ஏத்தபடி குடும்பம் வளைஞ்சது.

தறியில் உட்காருவதே ஆண் வேலை என்பதும் இயற்கை விதி இல்லை. அசாமில் வீட்டுத்தறியில் நெய்வது பெண்கள்தான். இங்கே தறியில் உட்கார்ந்தவர் பேரில்தான் முன்பணமும் வந்தது, கடனும் வந்தது, "நெசவாளர்" என்ற பேரும் வந்தது. சுத்தி இருந்தவங்க "கூடமாட ஒத்தாசை பண்றவங்க". அவ்வளவுதான்.

"சும்மா இருக்குற நேரத்துல"

இதைவிடப் பெரிய மறைவு நூற்பில் நடந்தது. ஆலை நூல் வருவதற்கு முன்னால் ஒரு தறிக்குத் தீனி போடப் பல ராட்டைகள் சுத்தியாகணும். அவ்வளவு நூலையும் நூற்றது கிராமத்துப் பெண்கள். வயல் வேலை இல்லாத மாசங்களில், வீட்டு வேலைக்கு நடுவில் நூற்று, சந்தையில் விற்பாங்க. கைம்பெண்களுக்கு இது பிழைப்பு.

1734இல் சிந்தாதிரிப்பேட்டை உருவானபோது நெசவாளர், சாயக்காரர், வண்ணாரோடு நூற்பவர்களையும் குடியேத்தணும் என்று கம்பெனி நினைச்சது. பேரே "சின்னத் தறிப் பேட்டை"யிலிருந்து வந்தது என்பாங்க. ஆனா நூற்பு என்னிக்குமே ஒரு பேட்டைக்குள் அடங்கலை. அது ஆயிரக்கணக்கான அடுப்பங்கரைகளில் சிதறிக் கிடந்தது.

பிரான்சிஸ் டே சொன்ன "நூற்றுக்கு இருபது மலிவு" எங்கிருந்து வந்தது? தென்னிந்தியாவில் அரிசி மலிவு, அதனால் கூலி பணக்கணக்கில் குறைவாத் தெரிஞ்சது, ஆனா நெசவாளர் வாழ்க்கை மோசமில்லை என்று பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளிவந்த தன் புத்தகத்தில் வாதிடுகிறார். வலுவான வாதம். அதோட இன்னொண்ணையும் சேர்க்கணும்னு எனக்குத் தோணுது. நூற்பும் தார் சுத்தலும் "சும்மா இருக்குற நேரத்துல" செய்யும் வேலைன்னு வச்சுட்டால், அந்த நேரத்துக்கு விலை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. துணி விலையில் அது ஏறாது. உண்மையில் அந்தப் பெண்ணுக்குச் சும்மா இருக்கும் நேரம் என்று ஒண்ணு இருந்ததா என்பதை யாரும் கேட்கலை.

இந்த மறைவோட விளைவு 19ஆம் நூற்றாண்டில் தெரிஞ்சது. இங்கிலாந்து ஆலை நூல் மெட்ராஸில் வந்து இறங்கினதும் ராட்டைகள் ஒண்ணொண்ணா நின்னுது. நெசவாளர்கள் சிரமப்பட்டபோது மனு எழுதினாங்க, ஊரை விட்டுப் போனாங்க, அதுக்கெல்லாம் அரசாங்கக் காகிதங்களில் தடயம் இருக்கு. நூற்ற பெண்கள் போனதுக்குத் தடயம் ரொம்பக் குறைவு. வேலைன்னே பதிவாகாதது போனால், வேலை போச்சுன்னு எப்படிப் பதிவாகும்?

கடல் தாண்டி ஒரு மறுபக்கம்

மெட்ராஸ் துணியில் ரொம்ப தூரம் போனது கட்டம் போட்ட கைக்குட்டை. பேர்தான் கைக்குட்டை, ஒரு கஜத்துக்கு ஒரு கஜம் சதுரம். சாயம் தோய்ச்ச நூலில் நெய்தது. தலையில் கட்டவும் இடுப்பில் உடுத்தவும்தான் போச்சு. கரீபியன் தீவுகளில் பெண்கள் தலையில் கட்டும் கட்டம் போட்ட துணிக்கு இன்னும் "மெட்ராஸ்" என்றே பேர். நைஜீரியாவின் தென்கிழக்கில் "ஜார்ஜ்" என்று ஒரு துணி வகை உண்டு. செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்த பேர் அது என்பாங்க.

நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் கலாபாரி மக்கள் இருக்காங்க. மெட்ராஸ் கட்டத் துணிக்கு அவங்க வச்ச பேர் "இஞ்சிரி". பிறப்புக்கும் வேணும், சாவுக்கும் வேணும். குடும்பப் பெட்டியில் தலைமுறை தலைமுறையா வச்சுக் காப்பாத்துவாங்க. அந்த ஊர்ப் பெண்கள் இந்தத் துணியை அப்படியே உடுத்துவது இல்லை. பிளேடு மாதிரி ஒரு கூர்மையான கருவியால் குறிப்பிட்ட இழைகளை மட்டும் வெட்டி உருவி எடுப்பாங்க. வெள்ளை இழை போனதும் கட்டத்துக்குள் வேற ஒரு கோலம் தெரியும். "பெலெட்டே பைட்" என்று அதுக்குப் பேர். ஜோன் ஐகரும் டோன்யே எரெகோசிமாவும் இதை விரிவா ஆராய்ந்து எழுதியிருக்காங்க.

அதுவும் வீட்டில், மற்ற வேலைகளுக்கு நடுவில் செய்வதுதான். ஆனா அங்கே ஒவ்வொரு கோலத்துக்கும் பேர் உண்டு. எந்த வீட்டுப் பெண் நல்லா வெட்டுவாள் என்று ஊருக்குத் தெரியும். இங்கே ஒரு பெண் சுத்தின தாரிலிருந்து வந்த ஊடை இழையை அங்கே இன்னொரு பெண் வெட்டி உருவி எடுத்திருக்கா. நேரமும் இடமும் ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். வெட்டினவளோட கைவேலைக்கு அடையாளம் கிடைச்சது, சுத்தினவளோடதுக்குக் கிடைக்கலை.

ஆலைக்குப் போன நேரம்

ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி, கைத்தறியைக் காப்பாத்தணும்னா நெசவாளர்களை வீட்டிலிருந்து வெளியே எடுத்து ஒரே கூடத்தில் உட்கார வைக்கணும் என்று நினைச்சார். 1906இல் சேலத்தில் அரசாங்க நெசவுத் தொழிற்கூடம் வந்தது. விசைநாடா, நிலையான கூலி, மேற்பார்வை எல்லாம் இருந்தது. நெசவாளர்கள் தயங்கினாங்க. நேரத்துக்கு வரணும், நேரத்துக்குப் போகணும் என்பது ஒரு பக்கம். பெரிய காரணம், வீட்டில் நெய்தால் மனைவியும் பிள்ளைகளும் கூட வேலை செய்வாங்க. தொழிற்கூடத்தில் அந்தக் கைகள் இல்லை. நாலு வருஷத்தில், 1910இல் கூடம் மூடப்பட்டது.

இதை ஒரு கணக்காப் படிச்சுப் பாருங்க. கூடத்தில் ஒருத்தருக்குக் கிடைச்ச கூலியைவிட வீட்டோட மொத்தச் சம்பாத்தியம் தேவலைன்னு நெசவாளரே எடை போட்டுட்டார். எந்த மதிப்பைக் கணக்குப் புத்தகம் காட்டலையோ, அந்த மதிப்பு அவருக்கு நல்லாத் தெரிஞ்சிருந்தது.

வடசென்னையில் வேறு மாதிரி நடந்தது. பெரம்பூரில் 1870களில் பக்கிங்ஹாம் மில், 1880களில் கர்னாடிக் மில். ஜனங்களுக்கு ரெண்டும் சேர்ந்து "பின்னி மில்". ஆலைச் சங்கு ஊதினால் நேரம் ஆலைக்காரனுடையது. 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு, பி.பி. வாடியா, திரு.வி.க. என்று பேர்கள் வரலாற்றில் இருக்கு. மதியச் சாப்பாட்டு நேரம் போதலை என்பது அவங்க எழுப்பின முதல் பிரச்சினைகளில் ஒண்ணு. நியாயமான கோரிக்கை. அந்தச் சாப்பாட்டை விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஆக்கினவங்களோட நேரத்துக்கு யாரும் கோரிக்கை வைக்கலை. அதை வைக்க ஒரு முதலாளியும் இல்லையே.

சட்டமும் ஆலை வாசலோடு நின்னுது. 1891 தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்கு நாளைக்கு 11 மணி நேரம் என்று வரம்பு போட்டது. 1911இல் துணி ஆலைகளில் ஆண்களுக்கு 12 மணி நேரம். 1948இல் வாரத்துக்கு 48 மணி நேரம். வீட்டு ராட்டைக்கு வரம்பு கிடையாது. அது வேலையே இல்லையே!

கணக்கில் ஏறின தருணங்கள்

முழுக்க முழுக்க யாரும் யோசிக்கலைன்னும் சொல்ல முடியாது. ராட்டையைத் தேசத்துக்கே அடையாளமாக்கின காந்தி, நூற்பை ஓய்வு நேரத் துணைத்தொழில் என்றுதான் முதலில் பேசினார். ஆனா அந்தப் பேச்சு கதரை மலிவாக்கப் பெண்களோட நேரத்தை மலிவாக்குது என்பது போகப்போக அவருக்கே உறுத்துச்சு. 1935இல் நூற்பவருக்கு வாழ்க்கைக்குப் போதுமான கூலி வேணும், கதர் விலை ஏறினாலும் பரவாயில்லை என்று நின்னார். அகில பாரத நூற்போர் சங்கமும் குறைந்தபட்சக் கூலியை ஏத்துக்கிட்டது. கதர் வாங்குபவர்களிடையே முணுமுணுப்பு எழுந்தது. விலையில் உண்மையைச் சேர்த்தால் முணுமுணுப்பு வரத்தான் செய்யும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஒரு பாடம். 1961இல் கொஞ்ச நேரம் வேலை செய்தவர்களையும் உழைப்பவர் பட்டியலில் சேர்த்தாங்க. 1971இல் "உங்க முக்கியமான வேலை என்ன?" என்று கேட்டாங்க. வீட்டு வேலை என்று பதில் வந்ததும் பட்டியலில் உழைக்கும் பெண்களோட எண்ணிக்கை சடார்னு இறங்கிடுச்சு. பத்து வருஷத்தில் பெண்கள் வேலையை விட்டுட்டாங்களா? அந்தச் சரிவில் பெரும்பங்கு கேள்வி மாறினதால் வந்தது.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு வீட்டில் இருக்கும் நெசவாளரையும் துணைவேலை செய்பவரையும் தனித்தனியா எண்ணுச்சு. நாடு முழுக்க சுமார் 35 லட்சம் பேர். அதில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் பெண்கள். எண்ணணும்னு நினைச்சால் எண்ண முடியும். இன்னொரு எண், 2019 தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்விலிருந்து: சம்பளமில்லாத வீட்டு வேலை செய்பவர்களில் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆணுக்கு 97 நிமிஷம். கைவேலைக்கான நேரத்தை இந்த 299 போக மீதியிலிருந்துதான் எடுத்தாகணும்.

இன்னிக்கு காலடிப்பேட்டைத் தெருவில் பாவு நீட்ட முடியாது, பைக் நிக்கத்தான் இடம் இருக்கு. ஆனா வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைகளில் விக்கும் துணியைச் சுத்தி வீட்டு வேலை ஓயலை. புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பது, ஓரம் தைப்பது, ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைப்பது. பீஸ் கணக்கில் காசு. பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போனப்புறம், தண்ணி வரதுக்கு முன்னாடி. வீட்டிலிருந்து கூலிக்கு வேலை செய்பவர்களுக்கும் மற்ற தொழிலாளர் உரிமைகள் வேணும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் ஒரு உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா இதுவரை அதை ஏத்துக்கலை.

"வீட்டையும் பாத்துக்கிட்டு கைவேலையும் எப்படிங்க செய்றீங்க?" என்று இப்போ பெண்களைக் கேட்பது ஒரு பாராட்டு மாதிரி ஆயிடுச்சு. இந்த ஊர் வரலாறு அந்தக் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடச் சொல்லுது. ரெண்டையும் சமாளிக்கிறது அதிசயம் இல்லை, முந்நூறு வருஷமா அப்படித்தான் துணி வந்தது. சமாளிச்ச நேரத்துக்கு என்ன கொடுத்தாங்க என்பதுதான் கேட்க வேண்டியது.

உங்க வீட்டிலோ தெருவிலோ தார் சுத்தின பாட்டி யாராவது இருந்தால், ஒரு நாளைக்கு எத்தனை தார் சுத்துவீங்க, எந்தெந்த நேரத்தில், காசு யார் கைக்கு வரும் என்ற மூணு கேள்வியை மட்டும் கேட்டு எழுதி வையுங்க. காலட்டோட 489இல் பேர் இல்லாமல் போனவங்களைப் பத்தி நமக்குக் கிடைக்கக்கூடிய நெருக்கமான சாட்சி அதுதான்.